நெற்றி ஓட்டை

என் வலது முழங்கால் நான் சொன்னால் கேட்காது. உட்கார்ந்தவுடன் ஆட ஆரம்பித்துவிடும். ஷேர் ஆட்டோவில் என்னை ஒட்டி உட்காருகிறவர்கள், வண்டியில்தான் ஏதோ கோளாறு என்று டிரைவரைத் திட்டுவார்கள். என் கல்யாணத்தில் புரோகிதர் மந்திரத்தைப் பாதியில் நிறுத்தி, "மாப்பிள்ளை, மணை ஆடறது" என்றார். பள்ளிக்கூடத்தில் தண்டனையாக என்னைப் பெஞ்சின் மேல் ஏற்றினார்கள். அதில் உட்கார்ந்திருந்த பையன்களும் சேர்ந்து ஆடினார்கள். அதற்கப்புறம் பள்ளிக்கூடம் என்னைத் தேடவில்லை, நானும் அதைத் தேடவில்லை.

இந்தக் காலை வைத்துக்கொண்டு எந்த வேலையிலும் நிலைக்க முடியவில்லை. எங்கள் அனகாபுத்தூரிலேயே தறி வேலைக்குப் போனேன். தறிக்குக் காலாட்டுகிற ஆள்தானே வேண்டும் என்று தைரியமாகத்தான் போனேன். தறி கேட்கிற தாளத்துக்கு ஆட்ட வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. பிறகு குக்கர் ரிப்பேர் கடை, கேபிள் இழுக்கிற வேலை, தண்ணீர் கேன் போடுகிற வேலை. எல்லா இடத்திலும் முதலாளி சொல்லும் முன்பே நானே கிளம்பிவிடுவேன். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு மரியாதை ஜாஸ்தி.

கடைசியில் ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் இறங்கி உள்ளே நடந்தால் வருகிற ஓர் இன்ஜினியரிங் கல்லூரியில், லேப் உதவியாளராகச் சேர்ந்தேன். புரொபசர்தான் இன்டர்வியூ செய்தார். நெற்றியில் சந்தனம், சட்டைப் பையில் இரண்டு மூக்குக் கண்ணாடி.

"பிரஷர் பத்தி ஏதாவது தெரியுமாப்பா?"

"குக்கர் ரிப்பேர் பண்ணிக்கீறேன் சார். எங்க லீக்குன்னு காதை வெச்சே சொல்லிருவேன்."

அவர் சிரிக்கவில்லை. யோசித்தார். "இங்கயும் பாதி வேலை அதுதான்" என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்.

மீதிப் பாதி என்ன வேலை என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பேன். மீதிப் பாதி, அசையாமல் உட்கார்ந்திருப்பது.

லேபில் இருந்தது ஒரு பெரிய இரும்புக் குழாய். ஆள் குனிந்து உள்ளே போகலாம். குழாய்க்குள் ஒரு விசிறி, விசிறிக்குப் பின்னால் சுழலாமல் நிற்கிற தகடுகளின் வரிசை. கீழே ஒரு குழியில் மோட்டார். மோட்டாரைப் போட்டால் பெல்ட் ஓடும், விசிறி சுற்றும், காற்று தகடுகளுக்கு நடுவே பாய்ந்து வெளியே வரும். விமான இன்ஜினுக்குள்ளேயும், கரண்ட் எடுக்கிற டர்பைனுக்குள்ளேயும் நடப்பது இதுதான் என்றார்கள். எங்களிடம் இருந்தது அதன் ஏழைச் சொந்தக்காரன்.

உள்ளே காற்று எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று கண்ணுக்குத் தெரியாதே. அதற்குத்தான் ப்ரோப். பார்க்க ஒன்றுமில்லை. குடைக் கம்பி மாதிரி ஒரு மெல்லிய ஸ்டீல் குச்சி, நுனி மட்டும் வளைந்திருக்கும். அந்த நுனி மிளகை விடச் சின்னது. அதில் ஐந்து ஓட்டை. நடுவில் ஒன்று, சுற்றிலும் நாலு. ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் தலைமுடி போகிற அளவுக்கு ஒரு குழாய், குச்சிக்குள்ளேயே ஓடி, பின்னால் பிளாஸ்டிக் டியூபாக வெளியே வந்து ஒரு பெட்டியில் போய்ச் சேரும். பெட்டி ஐந்து நம்பர் காட்டும்.

இது எனக்குப் புரியும்படி சொன்னது மேடம்தான். தாம்பரத்துப் பெண். வேறொரு கல்லூரியில் டீச்சர் வேலையை விட்டுவிட்டு பிஎச்.டி. பண்ண வந்தவர். அவருடைய வேலைக்குத்தான் என்னைப் போட்டிருந்தார்கள்.

"ஸ்டேஷன்ல கண்ணை மூடிட்டு நில்லுங்க அண்ணா. பாஸ்ட் டிரெய்ன் போகுது. எந்தப் பக்கத்துலேருந்து காத்து வருதுன்னு எப்படித் தெரியும்?"

"கன்னத்துல அடிக்கும் மேடம்."

"எந்தக் கன்னத்துல அதிகமா அடிக்குதோ அந்தப் பக்கம். ரெண்டு கன்னத்துலயும் சமமா அடிச்சா?"

"நேரா மூஞ்சிக்கு வருது."

"அவ்வளவுதான் ப்ரோப்."

அன்றிலிருந்து அந்த ஐந்து ஓட்டைக்கும் நான் பெயர் வைத்துவிட்டேன். நடுவில் மூக்கு. இடமும் வலமும் கன்னம். மேலே நெற்றி, கீழே தாடை. மேடமும் சீக்கிரமே அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஒருமுறை பெரிய அதிகாரி ஒருவர் லேப் பார்க்க வந்தபோது, "சார், வலது கன்னத்துல கொஞ்சம் லீக்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த அதிகாரி தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

என் வேலை இதுதான். ப்ரோப் குழாயின் பக்கவாட்டிலிருந்து உள்ளே நுழைந்திருக்கும். வெளியே நான் ஒரு ஸ்டூலில். ப்ரோபைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, இரண்டு கன்னமும் சமமாகிற வரைக்கும் குமிழைத் திருகவேண்டும். அந்தக் குமிழின் மரை தேய்ந்திருந்தது, விட்டால் நழுவும். அதனால் விரலாலேயே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஐந்து நம்பரும் ஆட்டம் அடங்கிய பிறகு நான் தலையாட்டினால் மேடம் பட்டனை அழுத்துவார். பிறகு இன்னும் கொஞ்சம் உள்ளே. மறுபடியும் திருகு, பிடி, காத்திரு.

காத்திருக்க வேண்டியது எதற்கென்றால், குழாய் அவ்வளவு மெல்லிசு. நுனியில் அடிக்கிற காற்றின் சேதி பெட்டிக்கு உடனே வந்து சேராது. அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு எமன். என் கால் ஆடும், காலைத் தொட்டு ஸ்டூல் ஆடும், கை ஆடும், கன்னம் இரண்டும் கலைந்துபோகும்.

"அண்ணா..."

"கால்தான் மேடம். நான் இல்ல."

மேடத்துக்கு வேண்டியது ஒரு மூலை. தகடும், குழாயின் நடுவே ஓடுகிற உருளையின் சுவரும் சேர்கிற மூலை; அந்தச் சுவரைத்தான் உள்சுவர் என்போம். தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் ஆபீஸ் நேரத்துக் கூட்டம் இறங்கும்போது பார்த்திருப்பீர்கள். நடுவில் எல்லோரும் போய்க்கொண்டே இருப்பார்கள். சுவர் ஓரமாக ஒரு கும்பல் மாட்டிக்கொண்டு, முன்னே போகவும் முடியாமல், எதிர்ப்பக்கமாகத் தள்ளப்பட்டு நிற்கும். காற்றும் அந்த மூலையில் அப்படித்தான் முட்டிக்கொண்டு, மேலும் கீழுமாகச் சுருண்டு, திரும்பி வருகிறது என்பது மேடத்தின் கட்சி. அதை அளந்து காட்டினால் அவர் பிஎச்.டி. முடியும்.

காட்டாவிட்டால் முடியாது, அதுவும் நிரந்தரமாக. ஏற்கெனவே அவகாசம் நீட்டி நீட்டி, இனிமேல் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். மழைக்கு முன்னால் அளந்தாக வேண்டும். எங்கள் லேபுக்கும் மழைக்கும் ஆகாது. வெளியே ரோடு ஒவ்வொரு தடவையும் பழசைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில், ரோடு உயர்ந்து லேப் பள்ளமாகிவிட்டது. சிட்லபாக்கம் ஏரிப் பக்கம் நல்ல மழை என்றால் எங்கள் மோட்டார் குழியில் தண்ணீர் ஊறும். அதனால் வருஷா வருஷம் மழை பிடித்ததும் எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்து மோட்டாரைச் சங்கிலி போட்டு மேலே தூக்கித் தொங்கவிட்டுவிடுவார். மறுபடியும் இறக்குவது பொங்கலுக்குப் பிறகு. மேடத்தின் கெடு அதற்கு முன்பே முடிகிறது.

"மழைக்குள்ள முடியலைன்னா என் ரிஜிஸ்ட்ரேஷன் போயிடும் அண்ணா. இருந்த வேலையையும் விட்டுட்டு வந்தாச்சு" என்று சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் மட்டும் ஜன்னலுக்கு வெளியே வானத்தைப் பார்த்தது.

அளப்பதற்கு முன்னால், தெரிந்த வேகத்தில் நேராகக் காற்று அடிக்கிற சின்னக் காற்றுச் சுரங்கம் ஒன்றில் வைத்து அந்த ப்ரோபுக்கு ஜாதகம் எழுதினார். எந்தக் கோணத்தில் காற்று வந்தால் எந்த ஓட்டை என்ன சொல்லும் என்று ஒவ்வொரு கோணமாகத் திருப்பித் திருப்பிப் பதிவு செய்வது. கோடை முழுக்க அதிலேயே போனது. அது முடிந்து, பெரிய குழாயில் ப்ரோபைச் செருக வேண்டிய வாரத்தில்தான் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் லேபில் ஆயுத பூஜை என்றால் புரொபசருக்குக் குழந்தை மாதிரி குஷி வந்துவிடும். மோட்டார் குழி ஓரம் வாழைக்கன்று, சுவிட்ச் போர்டுக்கு மாலை, பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் அவர் செலவு. சந்தனத்தை வேறு யாரையும் கரைக்க விட மாட்டார். மோட்டாருக்கு வைத்தார், லேத்துக்கு வைத்தார், நம்பர் காட்டுகிற பெட்டிக்கு வைத்தார். கடைசியில் மேடத்தின் ப்ரோப். அது ஒரு பழைய கண்ணாடிக் கூட்டில் பஞ்சு மேல் படுத்திருந்தது.

"உனக்கு ஆட்சேபணை இல்லையேம்மா?"

"அய்யோ, இல்ல சார். நானும் காலையில சர்ச்சுல இதுக்காகத்தான் முட்டி போட்டுட்டு வந்தேன். எல்லாப் பக்கத்துலேருந்தும் வரட்டும்."

"சரி, இதுக்கு எங்க வைக்கறது? குச்சியிலயா?"

நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்கத் தெரிந்திருந்தால் பள்ளிக்கூடத்தையே முடித்திருப்பேனே.

"குச்சில வெச்சா முதுகுல பொட்டு வெச்ச மாரி ஆயிடும் சார். அதுக்கு மூஞ்சி கீது. இதோ பாருங்க, இதான் நெத்தி."

எல்லோரும் சிரித்தார்கள். புரொபசர் இரண்டாவது கண்ணாடியையும் எடுத்து முதல் கண்ணாடி மேலேயே போட்டுக்கொண்டார். ஒரு தீக்குச்சி முனையால் சந்தனம் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த மிளகு முகத்தின் நெற்றியில் வைத்தார். அதன்மேல் ஒரு துளி குங்குமம். அவ்வளவு சின்ன முகத்தில் அவ்வளவு அம்சமாக உட்கார்ந்தது. மேடம் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினார். நான் எல்லோருக்கும் பொரி கொடுத்தேன்.

விடுமுறை முடிந்து வந்ததும் மேடம் ஈரப் பஞ்சால் நுனியைத் துடைத்தார். முகம் பளிச்சென்று ஆனது. அளக்க ஆரம்பித்தோம்.

வெளிச் சுவரிலிருந்து உள்சுவர் வரைக்கும் ப்ரோபைப் படிப்படியாகத் தள்ளிக்கொண்டு போனோம். அப்புறம் அதே இடங்களில் நின்று நின்று வெளியே இழுத்துக்கொண்டு வந்தோம். உள்ளே போனது சிவப்புக் கோடு, வெளியே வந்தது நீலக் கோடு. ஒரே பாதை, ஒரே காற்று. இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழவேண்டும். மேடத்தின் லேப்டாப்பில் அவை புருஷன் பெண்டாட்டி சண்டை போட்ட மாதிரி ஆளுக்கொரு பக்கம் போயின.

"அண்ணா, நம்பர் செட்டில் ஆகறதுக்கு முன்னாடியே தலையாட்டுறீங்க."

"இல்ல மேடம், நின்னப்புறம்தான் ஆட்டினேன்."

"நீங்க எப்பவுமே ஆடிட்டுதான் இருக்கீங்க. எது சிக்னல்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நியாயமாகத்தான் பட்டது. என்னை அறிந்த யாரைக் கேட்டாலும் தப்பு என் கால் மேல்தான் என்று சொல்வார்கள். நானே அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் என் வீட்டிலிருந்து ஒரு பழைய வேட்டித் துண்டு கொண்டுவந்து காலை ஸ்டூலோடு கட்டிக்கொண்டேன். எலெக்ட்ரீஷியன் அண்ணன் எதற்கோ வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா மச்சான், ஜெயில்ல போட்டாங்களா?"

"காலுக்கு மட்டும்ணா. நான் ஜாமீன்ல கீறேன்."

கட்டிய காலோடும் கோடுகள் சேரவில்லை. வானம் வேறு தினமும் சாயந்திரம் கறுத்துக் கறுத்துப் போக்குக் காட்டியது. போனில் மழை எச்சரிக்கை. மேடம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே வீட்டுக்கு எடுத்துப் போனார். நான் ராத்திரியில் பாயில் படுத்துக்கொண்டு காலை ஆடாமல் வைத்துப் பழகினேன். "இன்னாயா, பொணம் மாரி படுத்துகினு கீற?" என்று என் வீட்டுக்காரி எழுப்பிவிட்டாள்.

அப்புறம் ஒரு காலையில் மேடம் கோடுகளைத் தனித்தனியாகப் பிரித்துப் போட்டுப் பார்த்தார். மூக்கின் சிவப்பும் நீலமும் ஒன்றாக விழுந்தன. இரண்டு கன்னமும் அப்படியே. தாடையும் அப்படியே. நெற்றி மட்டும் விலகி நின்றது.

நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்க அவசரம் நெத்திக்கு மட்டும் தனியா இருக்குமா அண்ணா?"

எனக்கு முதலில் புரியவில்லை. திட்டு என்று நினைத்து, "இனிமே பாத்துக்கறேன் மேடம்" என்றேன்.

"இல்ல. தப்பு உங்க மேல இல்ல. இந்த ஓட்டை மட்டும், நம்பர் நின்னுடுச்சுன்னு தோணுற அளவுக்கு மெதுவா பேசுது. நாம அடுத்த இடத்துக்குப் போயாச்சு. இது இன்னும் முந்தின இடத்து சேதியையே சொல்லிட்டிருக்கு."

ப்ரோபை வெளியே எடுத்தார். நுனியை ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் விட்டு, பின்பக்க டியூபில் சிரிஞ்சைச் செருகி மெல்லக் காற்றை அழுத்தினார். மூக்கிலிருந்து குமிழி ஓடி வந்தது. கன்னங்களிலிருந்து வந்தது. தாடையிலிருந்து வந்தது. நெற்றியிலிருந்து ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். ஒரே ஒரு குமிழி எட்டிப் பார்த்தது. அதன் பின்னாலேயே நூல் மாதிரி மஞ்சளாக ஒன்று இறங்கித் தண்ணீரில் கரைந்தது.

நான் தம்ளரை மோந்து பார்த்தேன். சந்தனம்.

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. துடைத்தபோது வெளியே இருந்தது வந்துவிட்டது, உள்ளே இறங்கியது அங்கேயே காய்ந்துவிட்டது. என் கை என்னைக் கேட்காமலேயே பனியன் ஓரத்தில் குத்தியிருந்த ஊக்கை எடுத்துவிட்டது.

"தொடாதீங்க!"

மேடம் போட்ட சத்தத்தில் வெளியே மரத்தில் இருந்த காக்கா பறந்தது.

"ஓட்டையோட விளிம்புல ஒரு கீறல் விழுந்தா அந்த மூஞ்சியே மாறிப்போயிடும் அண்ணா. கோடை பூரா எழுதின ஜாதகம் செல்லாது. மறுபடி எழுத நேரம் எங்க இருக்கு?"

குத்தக் கூடாது. சுரண்டக் கூடாது. டீக்கடையிலிருந்து வெந்நீர் வாங்கி வந்தேன். ஊறவைத்து, சிரிஞ்சால் இழுத்து, விட்டு, மறுபடியும் ஊறவைத்து, அன்றைக்கு முழுக்க அதே வேலை. கடைசியில் நெற்றியிலிருந்தும் குமிழி வந்தது. ஆனால் மற்றவை ஓடி வந்தால் இது நடந்து வந்தது. உள்ளே இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"பரவாயில்ல. பொய் சொல்லல, லேட்டாதான் சொல்லுது. சொல்லி முடிக்கிற வரைக்கும் நாம காத்திருந்தா போதும்."

"எவ்ளோ நேரம் மேடம்?"

"ஒவ்வொரு இடத்துலயும் ஒரு டீ ஆறுற நேரம்."

நான் என் காலைக் குனிந்து பார்த்தேன். அது ஆடிக்கொண்டிருந்தது.

புரொபசரிடம் மேடம் போய்ச் சொன்னபோது நானும் கூட நின்றேன். ஒரு ஓட்டை அடைத்திருக்கிறது, திரும்ப முதலிலிருந்து அளக்கவேண்டும் என்று மட்டும் சொன்னார்.

"எதால அடைச்சுது? தூசியா?"

"மஞ்சளா இருந்தது சார்."

புரொபசரின் கை தானாகத் தன் நெற்றிக்குப் போனது. அங்கே அன்றைய சந்தனம் இருந்தது. "கும்பிடறதுலயும் ஒரு அளவு வேணும் போலிருக்கு" என்றார். "நாளைக்கே மோட்டாரைத் தூக்கிடணும்னு ஆபீஸ்ல சொல்றாங்க. நான் போய்ப் பேசறேன். நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும் வாங்கித் தரேன். அதுக்கு மேல என்னால முடியாதும்மா."

வாங்கித் தந்தார். மறுநாள் விடிந்ததே மழையோடுதான். அனகாபுத்தூரில் எங்கள் சந்து முனையில் தண்ணீர் தேங்க ஆரம்பித்திருந்தது. ஆற்றுப் பக்கம் வீடு என்பதால் எங்களுக்கு இது பழக்கம்தான். ஃப்ரிட்ஜைக் கட்டில் மேல் ஏற்றவேண்டும். "மதியத்துக்குள்ள வந்துருவேன்" என்று வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவள் நம்பவில்லை. நான் ஒரு இடத்தில் மதியம் வரைக்கும் இருந்ததை அவள் பார்த்ததில்லை.

மோட்டார் போட்டாச்சு. விசிறி ஊதியது. நான் ஸ்டூலில். முதல் இடம். கன்னம் இரண்டையும் சமமாக்கிக் குமிழைப் பிடித்தேன். பெட்டியில் நாலு நம்பர் சட்டென்று நின்றுவிட்டன. நெற்றி மட்டும் ஊர்ந்தது. ஊர்ந்தது. மேடம் நெற்றியையே பார்த்தார். நானும் பார்த்தேன். கால் துடித்தது. ஒரு தந்திரம் செய்தேன். வீட்டில் ஃப்ரிட்ஜை எப்படித் தூக்குவது என்று மனசுக்குள் ஒவ்வொரு படியாகச் செய்து பார்த்தேன். மேல் தட்டைக் காலி பண்ணு, கதவைக் கயிறு போட்டுக் கட்டு, ஒரு முனையைத் தூக்கு, செங்கல் வை, மறுமுனையைத் தூக்கு, கட்டில் மேல் ஏற்று. மனசு ஓடியதால் கால் கொஞ்சம் நின்றது. நெற்றி அடங்கியது. தலையாட்டினேன். மேடம் அழுத்தினார்.

இப்படியே ஒவ்வொரு இடமாக. அன்றைக்கு அந்த ஃப்ரிட்ஜை எத்தனை முறை ஏற்றி இறக்கினேனோ தெரியாது. உள்சுவர் வரை போய்விட்டு வெளியே வந்தோம். மேடம் கோடுகளைப் பார்த்துவிட்டு, காலையிலிருந்து முதல் தடவையாகத் தண்ணீர் குடித்தார். அது நல்ல குறி. முழுப் பாதை சரியாகிவிட்டது. இனி மூலை மட்டும். ப்ரோபை மறுபடியும் உள்ளே தள்ளி, தகடு ஓரத்துக்கு நகர்த்தினோம்.

அந்த நேரம் எலெக்ட்ரீஷியன் அண்ணன் குடையோடு உள்ளே வந்தார். நேராகக் குழியை எட்டிப் பார்த்தார். குழிச் சுவரில் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போட்டிருக்கும். தண்ணீர் அதைத் தொட்டால் மெயினை இறக்கியே ஆகவேண்டும்.

"மேடம், தண்ணி கோட்டுக்குக் கிட்ட வந்துகினு கீது. நிறுத்திருங்க."

"அண்ணா, ஒரே ஒரு மூலை. கோட்டைத் தொடற வரைக்கும் டைம் குடுங்க."

"தொட்டா நான் கேக்கவே மாட்டேன், சொல்லிட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ இன்னா மச்சான், வாயைத் தொறக்காம கீற? சொல்லு மேடத்துக்கு."

நான் பதில் சொல்லவில்லை. நான் பேசினால் என் கையும் பேசும். கன்னங்கள் கலைந்தால் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.

அவர் கிட்டே வந்தார். என்னைக் குனிந்து பார்த்தார். என் காலைப் பார்த்தார். அது கட்டாமலேயே நின்றிருந்தது. அவர் முகம் மாறிவிட்டது.

"டேய்... உனக்கு இன்னாடா ஆச்சு? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

அப்போது பார்த்து என் சட்டைப் பையில் போன் அடித்தது. நான் அசையவில்லை. அது நின்று மறுபடியும் அடித்தது. அண்ணனே பையில் கைவிட்டு எடுத்து, பெயரைப் பார்த்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"யோவ், எங்கயா கீற? தண்ணி வாசப்படிக்கு வந்துருச்சு. பிரிட்ஜை எவன் தூக்கறது?"

"தங்கச்சி, நான் எலெக்ட்ரீஷியன் பேசறேம்மா. உன் வூட்டுக்காரன் இங்கதான் கீறான். ஆடாம உக்காந்துகினு கீறான்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே விழுகிற சத்தம் கேட்டது.

"பொய் சொல்லாதீங்கண்ணா. ஆஸ்பத்திரியில சேத்துட்டீங்களா? நேரா சொல்லுங்க."

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார். கண் மட்டும் பெட்டியில். எனக்கும் வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. அதை எப்படி அடக்கினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. கன்னத்தை உள்பக்கம் கடித்துக்கொண்டேன். ப்ரோபின் கன்னங்கள் சமமாகவே இருந்தன.

"பக்கத்து வூட்டுப் பசங்களக் கூப்டு தூக்கிக்கோம்மா. இவன் இப்ப செலையாகீறான்" என்று சொல்லிவிட்டு அண்ணன் போனை என் பையிலேயே திரும்பப் போட்டார். குழியைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். ஒரு ஸ்டூலை இழுத்து, மெயின் சுவிட்ச் பக்கத்தில் போட்டு, கையை அதன் கைப்பிடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மூலையின் கடைசி இடம். நெற்றி இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. மற்ற இடங்களில் இவ்வளவு இறங்கவில்லை. மழை தகரத்தில் கொட்டியது.

"மேடம், கோட்டைத் தொட ஒரு வெரக்கட தான் பாக்கி" என்றார் அண்ணன்.

மேடம் பட்டனை அழுத்தவில்லை. அப்போது அழுத்தியிருந்தால் ஒரு நம்பர் கிடைத்திருக்கும், பாதிச் சேதியோடு. அவர் கை பட்டனுக்கு மேலே காற்றிலேயே நின்றது. எனக்குள் ஃப்ரிட்ஜ் தீர்ந்துபோயிருந்தது. இனி தூக்க ஒன்றுமில்லை. நெற்றியை மட்டும் பார்த்தேன். அது தாடையைத் தாண்டிக் கீழே போய், தயங்கி, ஒரு இடத்தில் நின்றது. அப்படியே நின்றது.

தலையாட்டினேன்.

மேடம் அழுத்தினார். "போதும்ணா, நிறுத்துங்க!"

அண்ணன் கைப்பிடியை இறக்கினார். விசிறி ஊளையிட்டுக்கொண்டே மெல்ல ஓய்ந்தது. அதுவரை கேட்காத மழைச் சத்தமெல்லாம் ஒன்றாக உள்ளே வந்தது. குழியில் தண்ணீர் சிவப்புக் கோட்டை நக்கிக்கொண்டிருந்தது.

நான் எழுந்தேன். வலது கால் மரத்துப் போயிருந்தது. அண்ணன் மேலேயே விழுந்தேன். "ஆங், இப்பதான் எங்க ஆளு" என்று அவர் தாங்கிப் பிடித்தார்.

மேடம் லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பினார். சிவப்பும் நீலமும் ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரே கோடு மாதிரி. மூலையில் அம்புக் குறிகள் சுருண்டு திரும்பியிருந்தன.

"திரும்பி வருதுண்ணா. நான் சொன்ன மாதிரியே. இதை வெச்சு எழுதிடுவேன்."

சொல்லிவிட்டு அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். ஆறிப்போன எலுமிச்சை சாதம். மூடியில் எனக்கும் அண்ணனுக்கும் எடுத்து வைத்தார்.

பெட்டி பேட்டரியில் ஓடுவது, அதை இன்னும் அணைக்கவில்லை. காற்று நின்றுவிட்டதால் மூக்கு, கன்னம், தாடை எல்லாம் பூஜ்யம் காட்டிக்கொண்டிருந்தன. நெற்றி மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பூஜ்யத்தை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. சங்கிலியை மாட்ட எழுந்த அண்ணனும் அதைப் பார்த்து நின்றுவிட்டார். யாருக்கும் அந்த நம்பர் தேவையில்லை. ஆனாலும் மூன்று பேரும் சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அது வந்து சேருகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

வந்தது. என் முழங்கால் ஆட ஆரம்பித்தது. பையில் போன் மறுபடியும் அடித்தது.